டேப்பில் மட்டும் பேசியவள்

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு அந்த வருஷம் ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்த துணைக்கருவிகள் அட்டைப்படமும் தெர்மோகோலும்தான். ஆளுக்கொரு பாடத்தைப் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, தன் குறையைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் விரிவுரையாளர்.

"நீங்க எப்படிப் பேசறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. அது சொல்லும்."

சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் பதிவாகும் என்பது எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. முதல் தடவை வெறும் நாடாதான் ஓடி முடிந்திருந்தது.

கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ரெக்கார்டரைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். "இன்னாம்மா, பாட்டுப் பொட்டியா? போடேன், கேக்கலாம்" என்றார் கண்டக்டர். யார் கையும் படாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் வகுப்பு அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுவும் பின்சுவரில். வேறு வழியில்லாமல் பெட்டியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு வைத்தேன். அதை ஒட்டினாற்போல ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அந்த வகுப்புக்குப் போய்வந்தும் அவள் குரலை நான் கேட்டதில்லை. வருகைப் பதிவின்போதுகூட கையை மட்டும் தூக்குவாள்.

அன்றைக்கு ஆவியாதல் பாடம். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துக் காட்டி, தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள். சிலேட்டு குடிச்சிடுச்சு, வெயில் குடிச்சிடுச்சு, காணாம பூடுச்சு. எனக்கோ டேப் ஓடுகிறதே என்ற படபடப்பு. சரியான பதில் ஒன்றாவது பதிவாக வேண்டுமே என்று மறுபடி மறுபடி கேட்டேன். வரவில்லை. கடைசியில் நானே பதிலைச் சொல்லி முடித்தேன். அந்த எரிச்சலில் பின்வரிசையைப் பார்த்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னேன். வகுப்பு சிரித்தது. மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி அறையில், என்னோடு தங்கியிருந்த தோழியை அருகில் வைத்துக்கொண்டு டேப்பைப் போட்டேன். என் குரல் தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நானா இவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்று சிரித்தோம். திடீரென்று தோழி கையைப் பிடித்தாள்.

"ஏய், நிறுத்து. யாரோ கிட்டக்க பேசறாங்க."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டோம். என் குரல் தூரத்திலிருந்து கேட்கிறது: "தண்ணி எங்க போச்சு?" பிள்ளைகளின் கூச்சல். அதற்கு அடியில், காதோடு காதாக, ஒரு சின்னக் குரல்: "ஆவியாப் போயிடுச்சி டீச்சர்."

பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். மேலும் ஓடவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் குரல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. "காத்துல கலந்துடும் டீச்சர்." "வெயில்ல சீக்கிரம் காயும் டீச்சர், நெழல்ல லேட்டாவும்." ஐந்து கேள்வி, ஐந்தும் சரி. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்ததுபோல ஒரு சின்ன மூச்சு.

கடைசியில் என் குரல் மறுபடி வந்தது. இந்த முறை தெளிவாக, உரக்க. "பின்னாடி உக்காந்திருக்கியே, நீ வாயே தெறக்க மாட்டியா?" ஒரு பையன் சொல்கிறான், "அது பேசாது டீச்சர்." அதற்கு நான், "அப்ப எதுக்கு இங்க வர? ஊட்டுலயே இருக்க வேண்டியதுதான?"

அதைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. சிரிப்புச் சத்தம். மணி. பிறகு நாடாவின் இரைச்சல் மட்டும்.

திங்கட்கிழமை எல்லோரையும்விட முன்னால் பள்ளிக்குப் போய் நின்றேன். அவள் வரவில்லை. தலைமையாசிரியரைக் கேட்டேன். "பெங்களூரு பூட்டாங்கம்மா. கட்டட வேலைக்கு. வருஷா வருஷம் போறவங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தபாலைப் பிரித்தார்.

மனம் கொஞ்சம் லேசானது. என்னால் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். மதிய இடைவேளையில் அவள் தெருவைக் கேட்டுக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ண அவங்க சித்தி ஊட்டுல உட்டுட்டுத்தான் போறதா இருந்தாங்க டீச்சர். படிக்கட்டும்னு. அந்தப் பொண்ணுதான், நான் இஸ்கூலுக்குப் போவமாட்டேன், உங்ககூடவே வரேன்னு ஒரே அழுவ. ரெண்டு நாளா சோறு துன்னல. இன்னாத்துக்குன்னு தெரியல."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

மதிப்பீட்டுத் தாளில் 'நான் திருத்திக்கொள்ள வேண்டியது' என்ற கட்டத்தில், 'கரும்பலகையை இன்னும் சீராகப் பயன்படுத்த வேண்டும்' என்று எழுதினேன். டேப்பையும் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுவிட்டு விரிவுரையாளர் கூப்பிட்டனுப்பினார். இப்போது எல்லாம் வெளியே வரப்போகிறது என்று போய் நின்றேன்.

"பாடம் பரவால்ல. பக்கத்துல எரச்சல் ஜாஸ்தியா இருக்கு. அடுத்த தடவ பொட்டிய முன்னாடி வச்சிக்க."

அவ்வளவுதான். அதே கேசட்டில் அடுத்த வாரம் இன்னொருவர் பாடம் பதிவானது.

அடுத்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று, அவர்கள் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். கைகளில் சிமெண்ட் தின்ற வெடிப்புகள். அவள் அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

"அன்னிக்கு நீ சொன்ன பதில் எல்லாம் டேப்புல கேட்டேம்மா. எல்லாமே சரி. எனக்குத்தான் கேக்கல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைப் பார்த்தாள். "நான் பேசல டீச்சர்" என்றாள்.

"இல்லம்மா, நல்லாத்தான் சொன்ன. ஆவியாப் போயிடுச்சின்னு—"

"சத்தியமா நான் பேசல டீச்சர். நான் எதுவும் சொல்லல."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இருந்தவரைக்கும் வெளியே வரவில்லை. காட்டுவதற்கு என்னிடம் அந்தக் கேசட்டும் இல்லை.

அவள் அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்து. அவள் கோபப்படவில்லை. "வாத்தியாருங்க சொல்றதுதான டீச்சர்" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஜூனில் மறுபடி பள்ளியில் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். ஜூனில் போனபோது வீடு பூட்டியிருந்தது. அதற்கப்புறம் அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பள்ளிகளுக்குக் கணினி வந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன், மெச்சினார்கள். திரையில் படம் ஓட, பிள்ளைகளிடம் கேள்வி கேட்பேன். முன்வரிசை கத்தும். அந்தக் கூச்சல் அடங்கியதும் பேசாமல் நிற்பேன். பின்சுவர்ப் பக்கமிருந்து ஒன்றும் வராது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன். டீச்சருக்குப் பாடம் மறந்துபோச்சு என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.