சந்திரகுமாரின் சுவிஸ் முறை

லண்டன் குட்மேய்ஸில் சந்திரகுமாரைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, மனுசனுக்கு ஓரிடத்தில் இருக்க வராது என்பதைத்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்பே மண்டபத்துக் கதவின் பிணைச்சலை முறுக்கிச் சரிபண்ணிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். வீடு வீடாகப் போய்க் குசினிச் சுவரில் அலுமாரி பொருத்துவது தொழில். பதினான்கு வருடம் சுவிஸில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி மாதங்கியும், கராஜில் ஒரு மோட்டார் சைக்கிளும்தான் மிச்சம்.

போன ஒக்டோபரில் ஈர இலையில் வண்டி சறுக்கி விழுந்ததில் அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. வண்டிக்குக் கீறல்தான். தோளில் தகடு வைத்துத் தைத்து, நாலைந்து மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவரைச் சும்மா இரு என்று சொல்வதைவிட ஜெயிலில் போட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, வண்டியை விற்கவேண்டும் என்றார் மாதங்கி. இல்போர்டில் மருந்துக்கடையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். சந்திரகுமார் பேசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்தக் குளிருக்கு நான் தொடமாட்டன். சுவிஸ்ல குளிருக்கு வண்டியை மூடி வைக்கிற முறையிலை வைக்கிறன். மார்ச்சிலை பொத்தானை ஒரே அமத்து, ஸ்டார்ட் வரும். பாரும்."

"வராட்டி?"

"வராட்டி விப்பம்."

"ஓம். மார்ச் முதல் ஞாயிறு. ஒரே அமத்துத்தான்" என்றார் மாதங்கி.

வண்டியை ரோட்டில் எடுப்பதில்லை என்று அரசாங்கத்துக்கு ஒன்லைனில் பதிந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனைப் பிடித்து அவனுடைய கையும் தன் வாயுமாகச் சந்திரகுமார் வேலையைத் தொடங்கினார். டாங்கில் துரு பிடிக்காதபடி பெட்ரோல் முட்ட நிரப்பியாயிற்று. செயினுக்குக் கிரீஸ் பூசியாயிற்று. டயர் நிலத்தில் முட்டாமல் ஸ்டாண்டில் ஏற்றி, பட்டரிக்கு மெல்ல ஏற்றும் சார்ஜரைக் கொழுவி, புகைக்குழாய் வாயைப் பழைய காலுறையால் அடைத்து, மேலே துணி போர்த்தி மூடியாயிற்று. சுவிஸ்காரன் இதோடு விட்டிருப்பான்.

இவரால் விட ஏலுமா? லண்டன் கராஜில் ஈரம் ஊறும் என்ற கவலை நித்திரையைக் கெடுத்தது. ஒருநாள் முட்டைப் பொரியலுக்கு உப்புப் போத்தலைத் தட்டியபோது அதற்குள் கிடந்த நாலைந்து அரிசி கண்ணில் பட்டது. உப்புக் கட்டிபடாமல் இருக்க நம் வீடுகளில் போடுகிற அதே அரிசிதான். உப்பின் ஈரத்தை உறிஞ்சுகிற அரிசி வண்டியின் ஈரத்தை உறிஞ்சாதா? குத்தரிசி மூட்டையை அவிழ்த்து, துணிப் பைகளில் கட்டி, சீட்டுக்கு அடியில் மூன்று, எஞ்சின் ஓரத்தில் இரண்டு என்று செருகினார். பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு.

அதன் பிறகுதான் உண்மையான பாடு. நல்ல வெயில் அடித்த ஜனவரி ஞாயிறுகளில் தெருவில் யாருடைய வண்டியோ இரையும். இவர் ஜன்னலுக்கு ஓடுவார், குசினிக்குப் போவார், திரும்பவும் ஜன்னலுக்கு வருவார். ஒரு நாளைக்கு ஆறு தடவை கராஜுக்குப் போய்ச் சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்ப்பார். துணியைத் தூக்கினால் கை சும்மா இராது, எதையாவது கழற்றும் என்று தெரிந்ததால், ரத்தம் கொதித்தாலும் துணியைத் தொடவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய கடினமான வாக்கு அதுதான்.

மார்ச் முதல் ஞாயிறு விடிந்தது. குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கராஜைத் திறந்தார். மாதங்கி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார். துணியை இழுத்துவிட்டு, சாவியைத் திருகி, பொத்தானை அமத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. விளக்குகூட எரியவில்லை.

சீட்டைக் கழற்றினார். அரிசிப் பைகள் கந்தலாய்க் கிடந்தன. எலிப் புழுக்கை. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் பஞ்சும் கடதாசியுமாக ஒரு கூடு. எலிகள் வயர்களின் தோலை உரித்து, செம்பு தெரியத் தெரியக் கடித்து வைத்திருந்தன. அரிசியை வைத்து எலிக்கு விருந்து அழைத்தவர் தானேதான் என்பது விளங்கியபோது அவருக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"ஒவ்வொரு நாளும் வந்தனான். நிலத்திலை ஒரு புழுக்கைகூட நான் காணேல்லையே!"

"நான் கூட்டி அள்ளினனான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பொங்கலுக்குப் பெரிய பானை எடுக்க வந்தபோது கண்டனான். சீட்டுக்குக் கீழை கறகறவெண்டு சத்தம். அண்டு முதல் ஒவ்வொரு நாளும் விடிய, வேலைக்குப் போக முதல் கூட்டினனான்."

"கண்டும் சொல்லேல்லையே நீர்?"

"சொன்னா நீங்கள் திருத்திப்போடுவியள்."

கோபம் தலைக்கேறியது. நாலரை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது இதற்கா? கத்துவதற்கு வாயைத் திறந்தார். மாதங்கி முந்திக்கொண்டார்.

"நீங்கள் விழுந்த அண்டைக்குப் பொலிஸ் போன் எடுத்து, 'உங்கட கணவர்' எண்டு சொல்லிப்போட்டு, ஆரிட்டையோ ஏதோ கேக்கிறதுக்குக் கொஞ்சம் நிப்பாட்டினவை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நீங்கள் இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு அது இன்னும் முடியேல்லை."

சந்திரகுமாருக்கு, தன் தோளையும் வண்டியையும் நினைத்தே ஒரு குளிர்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டோம், இவளிடம் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நெஞ்சு சுட்டது. கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

அந்த வயர்களை மாற்றுவது அவருக்கு இரண்டு நாள் வேலை. கராஜுக்குள்ளேயே எல்லாச் சாமானும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை டூட்டிங்கிலிருந்து வண்டியை வாங்க ஒருவர் ஏற்றிப்போக வான் ஒன்றோடு வந்து, "அண்ணை, நீங்களே திருத்தி வித்திருந்தா நல்ல விலைக்குப் போயிருக்குமே" என்றார். சந்திரகுமார் ஓம் என்றார். திருத்தாமலே ஏற்றி அனுப்பினார்.