அதில் கொழுப்பு எத்தனை கிராம்?

கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அத்தை இடுப்பு வரை இறங்கியிருக்கிறாள். வெளியே தெரிவது முதுகும் பின்னலும்தான். குரல் மட்டும் உள்ளேயிருந்து வருகிறது. "இதுல பதினொண்ணு. இதுல பத்து. ஏங்க, பதினாறு கிராம் கொழுப்பு இருக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

கொழுப்பு குறைவாகக் கேட்பவர்களைத்தான் கடைக்காரர் பார்த்திருக்கிறார். "சர்க்கரை இல்லாதது வந்திருக்கும்மா, தரட்டுமா?" என்றார்.

"அதை வச்சு நான் என்ன பண்ண, சுவத்துக்குப் பூசவா?"

இரண்டு டப்பாக்களோடு மேலே வந்தாள். இரண்டும் ஒரு லிட்டர். கைக்கொன்றாக ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டு தராசு மாதிரி நின்றாள். "இது காத்து. இது சாப்பாடு." கனமானதை எடுத்துக்கொண்டாள். லிட்டரில் விற்பதால் ஐஸ்கிரீமுக்குள் எவ்வளவு காற்றையும் அடித்து ஊதிவிடலாம், எடையைப் பார்த்தால்தான் குட்டு உடையும் என்பது அவள் கட்சி.

"பெட்டியை மூடுங்கம்மா, எல்லாம் உருகுது."

"உருகட்டுங்க. காத்து போனப்புறம் என்ன மிஞ்சுதுன்னு நீங்களும் ஒரு நாள் பாருங்க."

அத்தைக்கு வேலை, லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துவது. டப்பாக்களின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கட்டம் இருக்குமே, ஆற்றல் இத்தனை, புரதம் இத்தனை என்று, அதை உலகத்திலேயே முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். ஒரு முறை ஐஸ்கிரீம் லேபிளில் கொழுப்பு 12 கிராம் என்று வரவேண்டியது 1.2 என்று வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அவளே போய் நிறுத்தினாள். முதலாளி குதித்தார். "ஒரு புள்ளிதானே!" அத்தை சொன்னாளாம், "ஆமா சார், ஒரு புள்ளிதான். அதுக்குப் பின்னாடி பத்து கிராம் வெண்ணெய் ஒளிஞ்சிட்டிருக்கு."

அந்தக் கட்டத்தில் 'மாவுச்சத்து 24 கிராம், அதில் சர்க்கரை 20 கிராம்' என்று இருக்கும். இந்த 'அதில்' அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால், "வந்தது எரநூறு பேரு, அதுல வாழ்த்த வந்தவங்க ஒம்போது" என்பாள். என் அப்பா, அதாவது அவளுடைய அண்ணன், ஒரு கதை சொன்னால், "நீளம் அரை மணி நேரம், அதுல உண்மை ரெண்டு நிமிஷம்."

அவளுக்குக் கோபமே வரவைப்பவை இரண்டு சொற்கள்: 'ஒரு பரிமாறலுக்கு'. ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு பரிமாறல் என்றால் அறுபத்தாறு கிராம். "ரெண்டு கரண்டிடி! ரெண்டு கரண்டியோட எந்திரிச்ச மனுஷனை நீ பாத்திருக்கியா? ஏமாத்துறதுக்குன்னே ஒரு பட்டினிக்காரனைப் பிடிச்சு அளந்திருக்கானுங்க."

போன வருஷம் ஒரு நாள் நான் ஒரு லேபிள் தயாரித்து அவள் அலமாரிக் கதவில் ஒட்டினேன். 'அத்தை. நிகர எடை 72 கிலோ. பேச்சு 60 சதம், அதில் அறிவுறை 59. கொழுப்பு: அளவிட முடியாது.' அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அறிவுறையை அறிவுரை ஆக்கினாள். கொழுப்புக்குப் பக்கத்தில், 'எழுதியவளுக்கே அதிகம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். லேபிள் இன்னும் அங்கேதான் இருக்கிறது, திருத்திய பதிப்பாக.

மாமா பஸ் கண்டக்டர். நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. அதே தொண்டையில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்து, கட்டி போயிற்று, கூடவே குரலும் சாப்பாடும் போயின. சோறு முள்ளாய்க் குத்துகிறது, காரம் தீயாய் எரிகிறது. இறங்குவது ஐஸ்கிரீம் மட்டும்தான். எண்பது கிலோ மனிதர் நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை எடை பார்ப்போம், நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குழாய்ப் பேச்சை எடுத்தாலே மாமா மூக்கைப் பொத்திக்கொள்கிறார். பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறார்.

இருபது வருஷமாக மாமா ஒரு கோன் வாங்கினால் அதன் கலோரியைத் தெருவிலேயே வாசித்துக் காட்டிய அத்தை, இப்போது கிண்ணமும் கரண்டியுமாக அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஐஸ்கிரீமில் பால் பவுடரை வேறு கலந்து கெட்டியாக்கியிருக்கிறாள்.

"வாயத் தொறங்க."

மாமாவுக்குக் குரல் காற்றாகத்தான் வருகிறது. "ஒரு பரிமாறல் ஆயிருச்சுடி."

"நக்கலுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. இன்னும் எரநூத்திப் பத்து கலோரி பாக்கி, தொறங்க."

"உன் மூஞ்சியப் பாத்தா எறங்க மாட்டேங்குது."

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள். அத்தை நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கிண்ணத்தை என்னிடம் தந்தாள். "நீ குடு. ஒவ்வொரு வாய்க்கும் முழுங்கிட்டாருன்னு எனக்குச் சொல்லணும்."

அங்கேதான் நான் கெட்டேன். நாலாவது வாய்க்கு மாமா தலையசைத்து மறுத்தார். கண்ணில் தண்ணீர். கரண்டியை என் பக்கம் திருப்பினார். நான் சாப்பிட்டுவிட்டேன்.

"முழுங்கிட்டாரா?"

"முழுங்கிட்டாரு அத்தை."

பொய்யும் இல்லை. யார் என்று அவள் கேட்கவில்லை. மூன்று நாள், வேளைக்கு ஐந்தாறு கரண்டி. வியாழக்கிழமை என் பாவாடை இடுப்பில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் மேல் ஏறிய ஒவ்வொரு கிராமும் மாமாவிடமிருந்து திருடியது.

வெள்ளிக்கிழமை காலை, கொல்லைக் கதவின் பித்தளைப் பூட்டை எடுத்து மாமாவின் கால்சட்டைப் பையில் போட்டேன். கால் கிலோவாவது தேறும். மாமா ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

ஆஸ்பத்திரியில் எடை மேடைக்கு முன்னால் அத்தை அவரை நிறுத்தினாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். பைக்குள் கையை விட்டாள். பூட்டு வந்தது. அதைக் கையில் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். "எரநூத்தி எண்பது கிராம்" என்றாள், என்னைப் பார்க்காமல். தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, அவரு சாப்பாட்டுல பாதி நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். உன் வாயோரத்துல தினமும் பிசுபிசுன்னு இருக்கு. ராத்திரி நீ போனப்புறம் மறுபடியும் ஒரு கிண்ணம் குடுத்துக்கிட்டுதான் இருந்தேன். அதுல அவரு சாப்பிட்டது பாதி, என் மேல துப்பினது பாதி. இப்ப வாய மூடு."

மாமா ஏறினார். எண்கள் முன்னும் பின்னும் ஓடின. நர்ஸ் எழுதிக்கொண்டே சொன்னாள், "நாப்பத்தெட்டு நூத்தம்பது. குழாய் வேண்டாம். அடுத்த வாரம் வாங்க."

மாமா மேடையைவிட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை தரையில் மண்டியிட்டு அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, செருப்பை மாட்டிவிட்டாள். இடதை வலது காலில், வலதை இடது காலில். வாரைக்கூட இழுத்துச் சரிபார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். மாமா அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு எழுந்து, இரண்டு கால்களும் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நிற்க, அவள் தோளைப் பிடித்தபடி பஸ் நிறுத்தம் வரை அப்படியே நடந்தார்.