பெண்கள் பக்கத்து விசில்

குற்றாலம் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு வெளியே மாடத்தி துண்டும் சோப்பும் விற்கிறாள். புருஷன் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். கடைக்காரர்கள் மத்தியில் அவளுக்கு வாயாடி என்று பேர்.

மாறிவரும் மழையையும் வெயிலையும் சமாளிப்பது எப்படி என்று கடைக்காரர்களுக்குத் தென்காசியில் பயிற்சி வைத்தபோது, வியாபாரிகள் சங்கத்தில் யாரும் போக முன்வரவில்லை.

"மழ பெய்யுததுக்கும் வெயில் அடிக்குததுக்கும் ஒரு வகுப்பா?" என்றார் சிப்ஸ் கடை சுடலையாண்டி.

சீசன் தொடங்காத நேரம். "சும்மா இருக்கதுக்கு நான் போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று மாடத்தி கிளம்பினாள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் ஒரு காரணம்.

பயிற்சி நடத்தியவள் ஜெனி என்ற இளம்பெண். நாளெல்லாம் தூறித் தீர்க்க வேண்டிய மழை இப்போது கொஞ்ச நேரத்தில் கொட்டிவிடுகிறது, கீழே வெயில் காய்ந்தாலும் மலையில் பெய்தால் அருவியில் வெள்ளம் வரும் என்று படம் போட்டுக் காட்டினாள். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ அங்கே நிற்கக் கூடாது.

ஒத்திகையில் மாடத்தி "ஐயோ, வெள்ளம்!" என்று அலறினாள். ஜெனி தடுத்தாள்.

"அப்படிக் கத்துனா பயந்து ஓடி வழுக்கி விழுவாங்க அக்கா. எந்தப் பக்கம் வரணும்னு மட்டும் சொல்லுங்க."

சரியாக வரும்வரை மாடத்தி சொல்லிப் பார்த்தாள். கழுத்தில் ஒரு விசிலோடு ஊர் திரும்பினாள்.

கோடை மழையில் அருவி விழுந்த ஒரு விடுமுறை நாள். பளீரென்று வெயில். 'மலையில் கனமழை' என்று பயிற்சிக்குப் போனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மாடத்தி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தன. அவள் உடனே விசிலை ஊதினாள்.

"இப்பத்தான வரிசையில நின்னு வந்தோம்! இந்த வெயில்ல என்ன வெள்ளம்?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

மாடத்தி சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். "யம்மா, படிப்பக்கம் வாங்க. கையப் பிடிச்சிக்கிட்டு வாங்க. படிப்பக்கம்!" காவலுக்கு நின்ற பெண் போலீசும் இறங்கி வந்து கைகொடுத்தாள். கடைசியில், ஷாம்பு நுரையில் கண் திறக்க முடியாமல் நின்ற ஒருத்தியைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தாள் மாடத்தி. அவர்கள் மேல்படியில் கால் வைக்கவும், செந்தண்ணீர் மரக்கிளையோடு இறங்கவும் சரியாக இருந்தது. சண்டைக்கு வந்தவள் மாடத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்து சீசன் வந்தது. நல்ல கூட்டத்தில் ஒருநாள் அதே போலச் செய்தி, அதே போல இலைகள். மாடத்தி ஊதினாள். ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கமும் போலீசார் ஆட்களை வெளியேற்றினார்கள். வெள்ளம் வரவில்லை. காத்திருந்து அலுத்த ஜனம் பஸ் ஏறிப் போய்விட்டது.

"ஏட்டி, எல்லார் யாவாரத்தையும் கெடுத்துட்டியே!" என்று சுடலையாண்டி கடைவீதியே திரும்பிப் பார்க்க ஏசினார். வாயாடி அன்று கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டாள். வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை. ஜெனிக்குப் போன் போட்டு அழுதாள். ஜெனி முழுக்கக் கேட்டுவிட்டு, "அடுத்த பயிற்சி கடையத்துல. இத அங்க வந்து சொல்லுங்கக்கா" என்றாள்.

கடையத்துப் பயிற்சியில் மகளிர் குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காப்பாற்றிய கதையை விட்டுவிட்டு, ஏச்சு வாங்கிய கதையைத்தான் மாடத்தி சொன்னாள். வள்ளித்தாய் என்ற பெண் எழுந்து, "வெள்ளம் வரலன்னா அசிங்கமா இருக்காதாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றாள் மாடத்தி. "ஆனா அன்னைக்குக் குளிக்க வந்த அத்தன பேரும் வீடு போய்ச் சேந்தாவல்லா? அதுக்கு நாலு ஏச்சு வாங்கிக்கிட வேண்டியதுதான். மறுபடி எல விழுந்தா மறுபடியும் ஊதுவேன்."

இந்த வருஷம் ஆண்கள் பக்கத்துக்கும் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஜெனி கேட்டிருந்தாள். சங்கக் கூட்டத்தில் சுடலையாண்டியின் பெயரைச் சொன்னவள் மாடத்திதான்.

"அண்ணாச்சியையே அனுப்புங்க. என்னைய ஏசுன சத்தம் அருவியத் தாண்டிக் கேட்டுச்சுல்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். சுடலையாண்டியும் சிரித்துக்கொண்டே, "என்னைக்கு வரணும்னு கேட்டுச் சொல்லுட்டி" என்றார்.