அணைத்த பிறகும் ஓடிய பிளாஸ்மா

டிவி கடையில் நிற்கிறவன் நாள் முழுக்க நாற்பது டிவி பார்ப்பான். ஒரு படத்தின் கிளைமாக்ஸைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கிய சகாக்களே, உங்களுக்கு இது புரியும். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நான் தாம்பரத்தில் ஒரு கடையில் விற்றுக்கொண்டிருந்தேன். பிளாஸ்மாவா, எல்சிடியா என்று புருஷனும் பெண்டாட்டியும் கடை வாசலிலேயே சண்டை போடுவார்கள். ஒரு ஜோடி அங்கேயே பிரிந்து, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஆட்டோவில் போனது. அதை நீங்கள் நம்ப வேண்டாம். கீழே வருவதை நம்பித்தான் ஆக வேண்டும்.

தரையில் படுத்த கஸ்டமர்

சேலையூரிலிருந்து சேகர் என்பவர் மனைவி சுதாவோடு வந்தார். விலை கேட்கவில்லை, சைஸ் கேட்கவில்லை. "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு ஷோரூம் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். அவருடைய அப்பா இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார். பக்கத்து அறைக் கட்டிலில் படுத்தபடியே ஹால் டிவி அவருக்குத் தெரிய வேண்டுமாம். அன்றைய எல்சிடியைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறமெல்லாம் வெளுத்து, கல்யாணப் பெண்கூடப் பிணம் மாதிரி தெரிவாள். பிளாஸ்மா எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் பளிச். "மேடவாக்கத்துல ஒருத்தர் எதிர் வீட்டு மொட்டை மாடியிலேருந்து பாக்கறார் சார்" என்று என் பங்குக்கு அள்ளி விட்டேன்.

பழைய டிவியை அப்பா அறையில் வைத்துவிடலாமே என்றும் கேட்டேன். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால்தான் கையிலிருக்கிற பணத்தில் புதுசு வாங்க முடியும் என்றார். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, பிளாஸ்மாவையே பில் போடச் சொன்னார். அதுவரை வாய் திறக்காத சுதா சொன்னார்: "இதுக்குக் கரண்ட் எவ்ளோ இழுக்கும்? மாமாவுக்கு ஒரு ரேடியோ போதாதா?"

ரிமோட் வேண்டாத சேனல்

விற்றவனே வீட்டுக்குப் போய் டெமோவும் காட்ட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். அந்தக் காலத்து பிளாஸ்மா சரியான கனம். மாட்டும்போது சுவர் முனகியதை என் காதாலேயே கேட்டேன். பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாட்டுப் போட்டுக் காட்டினேன். தெரிகிறது என்று தலையாட்டினார், அவ்வளவுதான்.

அணைத்ததும்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிளாஸ்மாவின் முகப்பு முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஹாலின் மறுபக்கம் அதில் தெரியும். அந்த வீட்டில் மறுபக்கம் என்பது வாசற்கதவும் சமையலறையும். கீழே விழுந்த நாளிலிருந்து அவர் கண்ணில் படாத இடங்கள். "இன்னா சார் இது, ஆஃப் பண்ணா தான் நல்ல ப்ரோக்ராம் வருது!"

சுதா கேட்ட மாடல்

கொஞ்ச நாள் கழித்து சுதா தனியாக வந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. பெரியவர் பகலில் டிவியைப் போடவே விடுவதில்லையாம். யார் வந்தார்கள், யார் போனார்கள், அடுப்பில் என்ன வேகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்து, சாயங்காலம் மகன் செருப்பைக் கழற்றும்போதே ஒப்பிக்கிறாராம். முந்தின நாள் ஒப்பித்தது: "மத்தியானம் உன் மச்சான் வந்தான்டா. வஞ்சிரம் வறுத்துப் போட்டா. எனக்கு அதே கஞ்சி."

"துணி போட்டு மூடுங்களேன்மா" என்றேன். மூடினால் எதை மறைக்கிறாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாராம். டிவியையே மாற்றித் தர வேண்டுமாம். கடைசி அஸ்திரமாக, பிளாஸ்மாவுக்குள் கேஸ் இருக்கிறது, சுவரிலிருந்து கழற்றினால் கசிந்து வீட்டில் எல்லோருக்கும் முடி கொட்டிவிடும் என்று பயமுறுத்தினேன். பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாரே தவிர அசையவில்லை. "நாள் பூரா அவருக்குப் பீ மூத்திரம் அள்ளறேன் சார், அது மட்டும் அந்தக் கண்ணாடியில தெரியல. சைடுலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியக் கூடாது. அப்படி ஒரு டிவி குடுங்க."

நின்றபடி பார்த்தவர்

ஞாயிற்றுக்கிழமை சேகரே வந்தார். இந்தத் தடவை படுக்கவில்லை. ஒரு எல்சிடிக்கு நேர் எதிரே, அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி நின்றார். பிளாஸ்மாவைத் திருப்பி எடுத்தால் பாதி விலைகூட வராது என்றேன். பரவாயில்லை என்றார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. "வயசானவங்க இல்லாததையும் சொல்வாங்க சார். அந்த மீன் விஷயம்கூடப் பொய்யா இருக்கலாமே?" என்றேன்.

சேகர் விலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய்யா இருந்தா அவரை ஒரு அதட்டு அதட்டிட்டு விட்டிருப்பேன் சார். நிஜம். அதான் டிவியை மாத்தறேன்."

நேராக வைத்தது

எல்சிடியை மாட்டவும் நானே போனேன். அதன் பளபளப்பில்லாத முகப்பில் வாசலும் தெரியவில்லை, அடுப்பும் தெரியவில்லை. போட்டுவிட்டுக் கட்டில் பக்கம் போய்ப் பார்த்தேன். திரையில் செய்தி வாசிக்கிற பெண் சாம்பல் பூசியவள் மாதிரி இருந்தாள். திரும்பி வந்து, யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து பிராக்கெட்டை அறைப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். படமாவது தெரியட்டுமே என்றுதான். "நேரா வைங்க சார்" என்றார் சுதா. சேகரைப் பார்த்தேன். அவர் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நேராக வைத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன், பெரியவர் கத்தவில்லை. கிளம்பும்போது விரலைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஃபுட்போர்டுல தொங்குறவன் வரைக்கும் கண்ணுல வெச்சிகினு இருந்தவன் நானு. கண்ண மூடிட்டாங்க, சரி. மீன் வறுத்தா வாசனை வரும்ல? அத்த மூடறதுக்கு உங்க கடையில இன்னா மாடல் கீது சார்?"

எந்த டிவி வாங்கலாம் என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், அவர் கண்ணில் எது படக் கூடாது என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.