ரெண்டரை வாட்டுக்கு ஒரு வரன்

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். ஒலி என்ற பாடத்தை வருஷா வருஷம் கை வீசி நடத்துவேன். அந்தத் தைரியத்தில்தான் வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். மொத்த பலமே ரெண்டரை வாட்தான். குறைந்த வாட்டில்தான் ராகத்தின் ருசி தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

விரலைச் சுட்டுக்கொண்டு, சாலிடர் புகையில் தும்மி, ஒருவழியாக முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் இரண்டு வால்வுகளும் செக்கச்செவேலென்று எரிந்தன. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விளக்கு நல்லா எரியுது. பாட்டு எப்ப வரும்?"

"பாடிக்கிட்டுதான் இருக்கு!"

அவள் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தாள். "ஆமா, உள்ள யாரோ கொட்டாவி விடுத மாதிரி இருக்கு."

தப்பு ஆம்ப்ளிஃபையரில் இல்லை, நான் பார்த்த பொருத்தத்தில்தான். அழகாக இருக்கிறதே என்று இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை வாங்கி மாட்டியிருந்தேன். அந்த மாதிரிப் பெட்டிகள் ஐம்பது வாட் ஊட்டினால்தான் வாயைத் திறக்கும். பெண் பார்க்கப் போனவன் குடும்பத்தை விசாரிக்காமல் மூக்கும் முழியும் பார்த்துவிட்டு வந்த கதை.

கூடத்து அலமாரியில் ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருந்த இடத்தில் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது பாடுதது அடுப்படியில நிக்க எனக்குக் கேக்கணும். இல்லேன்னா பரணுக்குப் போயிரும்."

பரணில் ஏற்கெனவே என் பழைய மேதாவித்தனங்கள் குடியிருந்தன. நிலாவைக் காட்டாத தொலைநோக்கி, ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காத தேனீப்பெட்டி. அந்த வரிசையில் இதுவும் போய்ச் சேருவதை என்னால் தாங்க முடியாது.

அம்பாசமுத்திரத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டரை வாட்டா?" என்று சிரித்தான். "அத்தான், எங்க செட்டு பாட்டே போடாம சும்மா இரையுதது அதைவிட ஜாஸ்தி."

"சிரிக்காத மாப்ள. கோயில் கொடைக்குக் கட்டுதீயே குழாய் ஸ்பீக்கர், அதுல ஒண்ணு கொண்டா. அதுக்குக் கொஞ்சூண்டு கொடுத்தாலே ஊர்பூரா கத்தும்லா?"

"கத்தும். ஆனா அது வீட்டுக்குள்ள வைக்கிற சாமானா அத்தான்?"

"பொருத்தம் பார்க்கிறது என் வேலை. நீ வரனைக் கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில், குழாயைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். கூடத்தில் அதை வைக்க இடமில்லை. ஜன்னல் திண்டில் தூக்கி வைத்தோம். வாய் தெருவைப் பார்த்தபடி இருந்தது. அவள் நின்றது பின்கட்டு அடுப்படியில். ஜெயிக்கிற வேகத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சோதனைக்கு நல்ல நாதஸ்வரமாக ஒன்றைப் போட்டு, வால்யூம் திருகை முழுக்கத் திருப்பினேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் துள்ளினேன். மைத்துனன் விசிலடித்தான்.

எங்கள் டவுணில் காலை நேரத்தில் ஒரு வீட்டு வாசலிலிருந்து குழாயில் நாதஸ்வரம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்களுக்கோ பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இருக்கிறாள். பாட்டு பாதி ஓடுமுன் எதிர்வீட்டுப் பெரியவர், தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"என்னவே, மகளுக்கு நிச்சயமா? தெருவுல ஒரு வார்த்தை சொல்லப்படாதா வே?"

"ஐயோ அண்ணாச்சி, இது வெறும் சோதனை."

"சோதனைதான். பக்கத்துல இருக்கவனை மறந்தா சோதனைதான்."

அடுத்த வீட்டு அம்மாள் நேரே அடுப்படிக்கே போய்விட்டாள். "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு மைனி? இப்படிக் கமுக்கமா முடிச்சிட்டீங்களே!"

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதென்று என் மனைவி அவசரமாகக் கேசரி கிண்டினாள். அதுதான் வினை. நாதஸ்வரத்தில் கொஞ்சம் சந்தேகப்பட்டவர்களும் கேசரியைக் கண்டதும் நம்பிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றி வால்வுகளைக் காட்டி நான் விளக்கினேன். பெரியவர் குனிந்து பார்த்து, "சீர்வரிசையா வே?" என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றேன். மானம் போனாலும் அலமாரி போகக்கூடாது.

"கேட்டுச்சா இல்லையா? அதைச் சொல்லு."

"நல்லாக் கேட்டுச்சு. தெருவுல யாரோ வாழ்த்து அனுப்பி, பெங்களூர் வரைக்கும் கேட்டுச்சு. மாப்பிள்ளை என்ன வேலை பாக்கான்னு உங்க மக போன்ல கேக்கா. நீங்களே பதில் சொல்லுங்க."

சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். அலமாரி எனக்கு, குழாய் அம்பாசமுத்திரத்துக்கு என்று முடிவானது. மைத்துனன் மிச்சக் கேசரியைத் தூக்குவாளியிலும் குழாயைத் தோளிலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

குட்டி ஸ்பீக்கர்களையே திரும்ப மாட்டினேன். சாயங்காலம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அலமாரியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தூரத்தில் தேனாகத்தான் இருந்தது. என் மனைவி வந்து இன்னொரு பெட்டியில் காதை வைத்தாள். ஒரு கீர்த்தனை முடியும்வரை அசையவில்லை.

"நல்லாத்தான பாடுது," என்றாள். "இதுக்கு எதுக்குங்க என்னைக் கேசரி கிண்ட வச்சீங்க?"