இடப்பக்கம் சாய்ந்த இழை

என் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒன்பது கெண்டை மீன்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் நீந்துகின்றன. நீலத் தண்ணீர், சிவப்பும் மஞ்சளுமாய்ச் செதில்கள், அத்தனையும் பெருக்கல் குறி போல இழைமேல் இழை விழுகிற கிராஸ் தையல். உலு திராமில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று முதலில் நான் மாட்டியது இதைத்தான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "உங்க அம்மா தச்சதா?" கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

தைத்தவர் அப்பா. சேனாய்ப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண், கட்டம் கட்டமாய் நெய்த துணியையும் மொட்டை ஊசியையும் அவர் இடது கையில் கொடுத்து, "ச்சுபா லா, பக்சிக்" என்றாராம். முயன்றுதான் பாருங்களேன் மாமா என்று. முதல் மாதம் ஒரு வரிசைகூட நேராக வரவில்லை. மனிதர் விடவில்லை. கூலாயில் ஒரு சீனர் கடையில் இந்த மீன் படத்தை வாங்கி வந்து, துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தை மேசை விளிம்பில் இரும்புப் பிடியால் இறுக்கிவிட்டு உட்கார்ந்தார். கிடங்கில் பெட்டி எண்ணிய பழக்கத்தில் "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் வாய்விட்டு எண்ணியபடிதான் குத்துவார். ஒரு கட்டம் பிசகினாலும் செதில் வால்மேல் ஏறிவிடும். அப்படி ஆனால் மூன்று நாள் வேலையையும் மறுபேச்சில்லாமல் பிரிப்பார். பழைய கூட்டாளிகள் வந்து, "என்னப்பா, பூப்போட ஆரம்பிச்சிட்டியா?" என்று சீண்டினால், "மீனுடா. கண்ணு தெரியலையா?" என்பார்.

அம்மாவுக்குத்தான் மானம் போனது. வெளியாட்கள் வந்தால் சட்டத்தின்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஆனால் பெக்கோக்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மட்டும் துண்டு இல்லை. முடிந்திருந்த துணியை நடுக்கூடத்தில் தொங்கவிட்டு, "எல்லாம் எம்மக தச்சதுங்க" என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்பா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் தையல் தெரிந்தவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிக்குக் கிட்டே போனார். "கிராஸ் தையல்ல மேல் இழை பெரும்பாலும் வலப்பக்கம்தான் சாயும். இது முழுக்க இடப்பக்கம் சாயுதே. பொண்ணு இடது கைக்காரியா?" என்றார். சற்று முன்தான் அவருக்கு வலது கையால் தேநீர் எடுத்துக் கொடுத்திருந்தேன். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "நான் தச்சதுங்க. இந்தக் கையால" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளையின் மாமா சத்தமாகச் சிரித்தார். "அலமாக், அட ஆண்டவனே! ஆம்பள செய்யற வேலையா இது?"

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன கை செத்துப்போச்சுங்க. மிச்சமிருந்த கை இதச் செஞ்சுச்சு. இதுல எனக்கென்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிற பார்வை.

"எனக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாதுங்க" என்றேன். "பொய் சொன்னது எங்க தப்பு. ஆனா எங்கப்பாவப் பாத்துச் சிரிக்கிற வீட்டுக்கு நான் வரல."

சம்பந்தம் அதோடு போயிற்று. செருப்பை மாட்டும்போது அந்தத் தாயார் மட்டும் அப்பாவிடம், "தையல் சுத்தமா இருக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அவர்கள் வந்துபோன மறுநாள் காலையில் அப்பா கட்டத்தாளை என் முன்னால் வைத்தார். "எம்பேர எழுத்து எழுத்தா கட்டம் போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். மீன்களுக்கு அடியில், அமைதியாய்க் கிடந்த தண்ணீரின்மேல், இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பு நூலில் தன் முழுப்பெயரைத் தைத்தார். "படமே கெட்டுப்போச்சு" என்று அம்மா புலம்பினார். "கெடட்டும். இனி எவளும் எவனும் இதுக்கு வேற பேரு சொல்லக்கூடாது" என்றார் அப்பா.

அப்பா இப்போது இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாய் வந்த அக்கா சுவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் கையைப் பிடித்துச் சட்டத்துக்குக் கிட்டே அழைத்துப்போனேன்.

"கீழ செவப்புல இருக்கறதக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

படித்தார். "ஆம்பளப் பேரா இருக்கே?"

"ஆமாக்கா. இன்னொரு தடவ படிங்க."