மச்சானுக்கு நான் ஊட்டிய வட்டிலப்பம்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, கல்முனையில் என் கடைசி மகனின் வலீமா, அதுதான் கல்யாண விருந்து நடந்தது. ஊரில் இப்படியொரு விருந்து நடந்து கனகாலம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்ல முதலே நான் சொல்லிவிட்டேன் என்பதும் உண்மைதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாவிதன்வெளிப் பக்கம் நெல் மூட்டை சுமக்கத் தொடங்கி, யாரும் கைதூக்கி விடாமல், இன்று சொந்தமாக அரிசி ஆலை நடத்துகிறேன். இந்த வயதிலும் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. அதனால் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று டொக்டர்மாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நெல்லை நிறையக் கொட்டி ஓட விட்டால்தான் ஆலை ஒழுங்காக ஓடும், மனிதனும் அப்படித்தான் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வேன்.

என் தங்கச்சியின் கணவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம். அதோடு ஒரு தடவை நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் கம்பி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மச்சான் வேறு ஆளாகிவிட்டார். சோறு கொஞ்சம், கீரையும் மரக்கறியும் அதைவிடக் கூட, மீன் ஒரு துண்டு. கொழுப்பும் இனிப்பும் கிட்டவும் வராது. விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தார் றோட்டில் ஆறுதலாக, மெல்ல நடப்பார். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகம்தான் தனக்குரிய வேகம், சாப்பிட்ட கையோடு நடக்கக் கூடாது, நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். நான் அவரை மோட்டார் சைக்கிளில் கடக்கும்போதெல்லாம், "என்ன மச்சான், புதுப்பொண்ணு நடையா?" என்று கத்திவிட்டுப் போவேன். அவர் சிரிப்பார். அவ்வளவுதான்.

எங்கள் விருந்துகளில் சஹனில்தான் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒருவர் முந்திக் கையை எடுத்தால் மற்றவர்களுக்கு வெட்கமாகிவிடும். வயிறு நிறையாமலே அவர்களும் எழும்பிவிடுவார்கள். இதற்கு மச்சான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வெள்ளரிக்காயையும் சம்பலையும் மெல்ல மெல்ல எடுப்பார், சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்து நெடுநேரம் மெல்லுவார், விரல்கள் மட்டும் ஓயாமல் தட்டில் அசைந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அவரும் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும். யார் மனமும் நோகாது.

அன்றைக்கு என் சஹனில், எனக்குப் பக்கத்தில் இருந்தார். எதிரில் புதுச் சம்பந்தி. மச்சான் பக்கத்துச் சோறு குறையாமல் குவிந்து கிடந்ததைக் கண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மச்சான், என்ட வீட்டுச் சோத்துல நஞ்சா கலந்திரிக்கி? நடிக்கிறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானின் முகம் சிறுத்துவிட்டது. என் காதோடு, "சத்தம் போடாதீங்க மச்சான். டொக்டர் சொன்ன கணக்கு ஒண்டு இரிக்கி" என்றார்.

"இண்டைக்கு நான்தான் டொக்டர். தின்னுங்க!"

கொழுப்போடு இருந்த பெரிய இறைச்சித் துண்டுகளைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினேன். சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தின்றார். பிறகு கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. கரண்டியில் அள்ளி என் கையாலேயே அவர் வாயில் வைத்தேன். ஒரு கரண்டியோடும் விடவில்லை.

விருந்து ஓய்ந்ததும், கொஞ்சம் சாய வேண்டும் போலிருக்கிறது என்றார். நான் விட்டேனா? "படுத்தாக் கொழுப்பு ஒட்டிரும், நடந்தாக் கரைஞ்சிரும்" என்று கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துப் போனேன். வெயில் இன்னும் தணியவில்லை. கால் புதையும் மணலில் நான் முன்னால் வீசி நடக்க, அவர் பின்னால் வந்தார். நான் மூட்டை தூக்கிய காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரமாக அவர் பதிலே சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நெஞ்சில் கை வைத்து நிற்கிறார்.

"அது வாயு. வேகமா நடங்க, ஏப்பம் வந்தாச் சரி" என்றேன்.

நான் சொன்னதற்காக இன்னும் கொஞ்சம் நடந்தார். பிறகு மணலில் அப்படியே குந்திவிட்டார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது, உதடு வெளுத்துப் போயிருந்தது. நான் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். றோட்டோரம் நின்ற ஓட்டோக்காரத் தம்பி, "ஹாஜியார், அவர நடக்க வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். இருவரும் அவரை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டொக்டர், என்ன சாப்பிட்டார், என்ன செய்தார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், படுத்திருந்த மச்சான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"நான்தான் ஆசையில கூடத் தின்டுட்டன் டொக்டர். நான்தான் நடக்கப் போவம் எண்டும் கூப்பிட்டன்."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். டொக்டர் அதையே எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அல்லாஹ் காப்பாற்றினான், மச்சான் பிழைத்தார். என் தங்கச்சி ஓடி வந்து, அண்ணனான என் கையைப் பிடித்து அழுதாள். "காக்கா, நீங்க பக்கத்துல இருந்தபடியால என்ட ஆள் தப்பினாரு" என்றாள். ஊரும் அதையே சொன்னது. பள்ளிவாசலில் கேட்டவர்களுக்கு, ஆளைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடினேன் என்று நானும் விரித்துச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மச்சானின் நிலைமையோ வேறு. டொக்டரிடம் அவர் சொன்னதையே நம்பி, தங்கச்சி அவரை விருந்துகளுக்கு விடுவதில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணியோடு பிஸ்கட்டும் வாழைப்பழமும் வந்தன. பழத்தில் அரைவாசி சாப்பிடலாம் என்று டொக்டரே சொல்லியிருந்தாராம். மச்சான் அதற்குத்தான் கையை நீட்டினார். தங்கச்சி பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் தட்டை வெடுக்கென்று இழுத்தாள்.

"இவர நம்ப ஏலாது காக்கா. வாயக் கட்டத் தெரியாத மனிசன். சஹனக் கண்டா உசிரையும் மறந்திருவாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாயைக் கட்டி வாழ்ந்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"புள்ள, அவர் ஒண்டும் செய்யல்ல" என்றேன். "நான்தான் சபையில வச்சுப் பகிடி பண்ணி, வாயில அள்ளித் தீத்தினன். சாயப் போன ஆள நான்தான் மணலுக்க இழுத்துப் போனன். நெஞ்சப் பிடிச்சப்பவும் நான்தான் வாயு எண்டு நடக்க வச்சன்."

"விடுங்க மச்சான், முடிஞ்ச கதை" என்றார் அவர்.

தங்கச்சி இழுத்த தட்டைத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள். பழத்தைத் தோலுரித்து, பாதியை அவர் கையில் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

"டொக்டர் கேட்டப்போ நீங்க அங்கதானே நிண்டீங்க காக்கா?"

நான் எழும்பி வாசலில் செருப்பைத் தேடினேன்.

இப்போது நானும் டொக்டரிடம் போய் உடம்பைக் காட்டுகிறேன். சோற்றைக் குறைத்துவிட்டேன், நடையையும் நிதானமாக்கிக்கொண்டேன், என் ஆலைப் புத்தியை யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும் எத்தனையோ சபைகளில் வாய் ஓயாமல் கதைத்த எனக்கு, என் தங்கச்சி கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்ல வாய் வரவில்லை.